கடனாளியைத் தனியே விடாதீர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் மஹல்லாவில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. துஆச் செய்யச் சொல்லி அறிவிப்பு வருகிறது. தொழுகை முடிந்ததும் நாலு பேர் போய் நலம் விசாரிக்கிறார்கள். ஒரு வீட்டில் மவுத் நடந்துவிட்டால் ஊரே திரண்டு நிற்கிறது. ஆனால் கடனில் விழுந்தவரைப் பற்றி யாருக்கும் தெரிவதில்லை. அவர் வாய் திறந்து சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போனது வீட்டுக்குள் மட்டும் தெரியும். அந்த நகையை மீட்க இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்கியது மனைவிக்கும் தெரியாது.

கடனை அடைப்பது கடன் வாங்கியவரின் கடமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கடமையை நிறைவேற்ற அவருக்குத் தெம்பு கொடுப்பதும், வழி காட்டுவதும், கைகொடுப்பதும் சுற்றி இருப்பவர்களின் பொறுப்பு. நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்ததைப் பார்க்கிறோம். இந்த வார ஜும்ஆவில் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

கடன் படுவது இழிவா?

தேவைக்காகக் கடன் வாங்குவதை மார்க்கம் இழிவாகச் சொல்லவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் இந்த உலகை விட்டுப் பிரிந்த நேரத்தில், அவர்களின் போர்க்கவசம் குடும்பத்திற்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் இது பதிவாகி இருக்கிறது. குர்ஆனில் உள்ள ஆயத்துகளிலேயே மிக நீளமான ஆயத்து (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். கடன் என்பது மனித வாழ்வில் வரக்கூடியது என்பதால்தான் அதற்கு இவ்வளவு விரிவான சட்டம் வந்திருக்கிறது.

அப்படியிருந்தும் நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையை விட்டு அல்லாஹ்விடம் அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். கடன்பட்டவன் பேசும்போது பொய் சொல்ல நேர்கிறது, வாக்குக் கொடுத்தால் மாறு செய்ய நேர்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

பணம் போவது ஒரு நஷ்டம்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் நாவின் உண்மை போவது. அழைப்பு வந்தால் போனைப் பிள்ளையிடம் கொடுத்து, அத்தா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்கிறோம். பிள்ளைக்கும் பொய் பழகுகிறது. முன் சஃப்பில் கடன் கொடுத்தவர் நிற்பதைக் கண்டு ஸலாம் கொடுத்த கையோடு பின் வாசல் வழியாகப் போய்விடுபவர் உண்டு. கொஞ்ச நாளில் அவர் வேறு பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போவார். பிறகு ஜும்ஆவே விட்டுப்போகும். கடன் ஒருவரை இப்படித்தான் ஜமாஅத்திலிருந்து மெல்ல மெல்லப் பிரிக்கிறது. எந்த நேரத்தில் அவருக்கு மனிதர்கள் தேவையோ, அந்த நேரத்தில் அவர் தனித்துப் போகிறார்.

பள்ளிவாசலில் ஒரு விசாரிப்பு

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தார்கள். தொழுகை நேரம் அல்ல. அங்கே அன்சாரித் தோழர் அபூஉமாமா (ரலி) தனியாக உட்கார்ந்திருந்தார்கள். தொழுகை இல்லாத நேரத்தில் இங்கே அமர்ந்திருப்பது ஏன் என்று பெருமானார் (ஸல்) விசாரித்தார்கள். கவலைகளும் கடன்களும் தம்மைப் பிடித்துக்கொண்டதாக அபூஉமாமா (ரலி) சொன்னார்கள். காலையிலும் மாலையிலும் ஓதி வரும்படி ஒரு துஆவை நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் மிகைத்துவிடுதல், மனிதர்களின் அடக்குமுறை ஆகிய எட்டு விஷயங்களை விட்டும் பாதுகாப்புத் தேடும் துஆ அது. அதை ஓதி வந்ததாகவும், அல்லாஹ் தம் கவலையைப் போக்கிக் கடனையும் நிறைவேற்றித் தந்ததாகவும் அபூஉமாமா (ரலி) சொல்கிறார்கள்.

இந்தத் துஆவை நாம் பலரும் மனனம் செய்திருக்கிறோம். அது கற்றுக்கொடுக்கப்பட்ட விதத்தையும் சிந்திக்க வேண்டும். ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருப்பதை நபியவர்கள் கவனித்தார்கள். அருகில் போய்க் கேட்டார்கள். கேட்டதால்தான் அவர் சொன்னார். ஏன் கடன் வாங்கினாய், உனக்கு எதற்கு இந்த வேலை என்று ஒரு சொல் கடிந்து கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை.

அந்த எட்டு விஷயங்களின் வரிசையையும் பாருங்கள். கடனுக்கு முன்னால் இயலாமையும் சோம்பலும் கோழைத்தனமும் வருகின்றன. கடனாளியின் மனநிலையை அறிந்தவர்களுக்கு இதன் ஆழம் புரியும். கணக்கைப் பார்க்கப் பயம், கடன்காரரைச் சந்திக்கப் பயம், நாளைக்குப் பார்ப்போம் என்ற சோம்பல். கடன் அடைபடுவதற்கு முன் இவை நீங்க வேண்டும். ஓதுவதோடு எழுந்து உழைப்பதும் சேர வேண்டும் என்பதை அந்த துஆவே சொல்லித் தருகிறது.

ஸல்மான் (ரலி) அவர்களின் 300 கன்றுகள்

ஒருவரின் சுமையை ஒரு ஜமாஅத்தே சேர்ந்து இறக்கி வைத்ததற்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றைவிட அழகான சான்று வேண்டியதில்லை. சத்திய மார்க்கத்தைத் தேடிப் பாரசீகத்திலிருந்து புறப்பட்ட அவர்கள், வழியில் ஏமாற்றப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, மதீனாவில் ஒரு யூதரிடம் வந்து சேர்ந்தார்கள். அடிமையாக இருந்ததால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள முடியவில்லை.

எஜமானிடம் பேசி விடுதலை ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எஜமான் போட்ட நிபந்தனை சாதாரணமானதல்ல: 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு உயிர்ப்பித்துத் தர வேண்டும், அதோடு 40 ஊக்கியா கொடுக்க வேண்டும். ஓர் அடிமை தன் வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் எட்டாத தொகை அது.

நபி (ஸல்) அவர்கள் தோழர்களைப் பார்த்து, உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று பொதுவாக அறிவித்தார்கள். ஒருவர் 30 கன்றுகள் கொண்டுவந்தார். ஒருவர் 20, ஒருவர் 15, இன்னொருவர் 10. ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 300 கன்றுகளும் சேர்ந்தன. பத்துதான் இருக்கிறது, இதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அந்தத் தோழர் பின்வாங்கியிருந்தால் 300 நிறைந்திருக்காது.

அடுத்து நடந்தது மிக முக்கியம். கன்றுகளை வைத்துக்கொண்டு ஸல்மான் (ரலி) சும்மா இருக்க வேண்டும் என்று நபியவர்கள் சொல்லவில்லை. போய்க் குழிகளைத் தோண்டுங்கள், முடித்ததும் என்னிடம் வாருங்கள் என்றார்கள். ஸல்மான் (ரலி) தோண்டினார்கள். தோழர்களும் கூட நின்று தோண்டினார்கள். பிறகு பெருமானார் (ஸல்) நேரில் வந்தார்கள். தோழர்கள் கன்றுகளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்கத் தம் முபாரக்கான கரத்தால் நட்டார்கள். அவற்றில் ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) சத்தியமிட்டுச் சொல்கிறார்கள்.

மரங்கள் முடிந்தன, தொகை பாக்கி இருந்தது. சில நாட்கள் கழித்துக் கோழி முட்டை அளவுத் தங்கம் நபியவர்களிடம் வந்தது. உடனே அவர்கள், விடுதலை ஒப்பந்தம் செய்திருந்த அந்தப் பாரசீகரின் விஷயம் என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். வரவழைத்துக் கொடுத்தார்கள். என் மீதுள்ள பாக்கிக்கு இது எப்படிப் போதும் என்று ஸல்மான் (ரலி) தயங்கியபோது, அல்லாஹ் இதைக் கொண்டே நிறைவேற்றுவான் என்று தைரியம் சொன்னார்கள். நிறுத்துப் பார்த்தால் 40 ஊக்கியாவும் அதில் நிறைந்தது. ஸல்மான் (ரலி) சுதந்திர மனிதராக அகழ்ப் போரில் கலந்துகொண்டார்கள். முஸ்னத் அஹ்மதில் இந்த நீண்ட வரலாறு இடம்பெற்றுள்ளது.

கடனாளிக்குக் கைகொடுப்பது எப்படி என்பதற்கான முழுப் பாடமும் இதில் இருக்கிறது. முதலில் தொகை என்ன என்பது வெளியே சொல்லப்பட்டது. ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரிந்தது. கடனாளி தன் குழியைத் தானே தோண்டினார். ஆனால் தனியாகத் தோண்டவில்லை. பாதி வழியில் யாரும் அவரை மறக்கவில்லை. தயங்கியபோது தைரியம் சொல்ல ஆள் இருந்தது.

நடுவே நின்று முடித்து வைப்பவர்

பணம் கொடுக்க வசதி இல்லாதவரும் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) கடன் தர வேண்டியிருந்தது. பள்ளிவாசலில் வைத்தே கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) அவர்களின் காதில் விழுந்தது. அறையின் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் அப்படியே செய்துவிட்டேன் என்றதும், மற்றவரைப் பார்த்து, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி உத்தரவிட்டார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

இரண்டு பக்கமும் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். கொடுத்தவரிடம் இரக்கம் கேட்டார்கள். வாங்கியவரிடம் உடனடிச் செயல் கேட்டார்கள். நம் ஊரில் ஜமாஅத் பெரியவர்கள், இரு தரப்பும் மதிக்கும் நண்பர்கள் இந்த வேலையைச் செய்யலாம். கொடுத்தவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், வாங்கியவர் தவணை சொல்லி அதைக் காப்பாற்றினால், எத்தனையோ குடும்பப் பகை தீர்ந்துபோகும்.

கடனில் இருக்கும் சகோதரரே, சகோதரியே!

உங்களோடு சில வார்த்தைகள்.

1. எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, என்றைக்கு வாங்கியது, வட்டி உண்டா இல்லையா என்று ஒரே தாளில் எழுதுங்கள். மனதில் சுமக்கும்போது மலையாகத் தெரிவது, தாளில் வந்ததும் எண்ணிக்கையாகிவிடும். எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடலாம்.

2. வீட்டில் சொல்லுங்கள். கணவனின் கடன் மனைவிக்குத் தெரியாமல் இருந்தால், அவர் பழையபடியே செலவு செய்வார். அவர் மீது குற்றம் இல்லை. குழுவில் கடன் வாங்கியதைக் கணவனிடம் மறைக்கும் சகோதரிகளும் சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாள் வருத்தப்படுவார்கள். மறுநாள் உங்களோடு சேர்ந்து தோள் கொடுப்பார்கள்.

3. வட்டிக் கடனை முதலில் முடியுங்கள். மாதம் நூற்றுக்கு 5 என்று ஒரு லட்சம் வாங்கியவர் மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறார். வருடத்திற்கு 60,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கிறது. இருபதாவது மாதம் முடியும்போது ஒரு லட்சமும் வட்டியாகவே போயிருக்கும். வட்டி ஹராம், குடும்பத்தையும் அழிக்கிறது. இதிலிருந்து வெளியேற வட்டியில்லாத கைமாற்றோ, சும்மா கிடக்கும் ஒரு பொருளை விற்பதோ உதவும் என்றால் தாமதிக்காதீர்கள். அநியாய வட்டி வாங்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மிரட்டினால் பயந்து ஒளியாமல், ஜமாஅத்தின் துணையோடு காவல் நிலையத்தை அணுகுங்கள்.

4. தவணை நாளுக்கு முன்பே போய்ப் பாருங்கள். ஐயாயிரம் தர வேண்டிய இடத்தில் ஆயிரம்தான் இருக்கிறது என்றால், அந்த ஆயிரத்தோடு போய் நில்லுங்கள். ஒளிபவரை யாரும் நம்புவதில்லை. தேடி வருபவருக்கு அவகாசம் கிடைக்கும். அவர் கடுமையாக ஒரு சொல் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் தம் ஒட்டகத்தைக் கடுமையாகக் கேட்டபோது தோழர்கள் கோபப்பட்டார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று அவர்களைத் தடுத்து, கொடுக்க வேண்டியதைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள்.

5. நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனோ, மச்சானோ, பள்ளித் தோழரோ, ஊர் இமாமோ யாராக இருந்தாலும் சரி. ரகசியம் காப்பவராக, உங்களை அவமானப்படுத்தாதவராக இருக்க வேண்டும். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் உட்கார்ந்து அந்தத் தாளைக் காட்டுங்கள். இந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று அவர் கேட்பார் என்ற எண்ணமே உங்களைப் பல வீண் செலவுகளிலிருந்து தடுக்கும். ஒரு கடன் முடிந்து அந்த வரியை அடிக்கும்போது அல்ஹம்துலில்லாஹ் சொல்ல இன்னொரு வாயும் இருக்கும்.

நிய்யத்தைச் சரியாக வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்கியவருக்காக அல்லாஹ்வே நிறைவேற்றித் தருவான் என்றும், அழிக்கும் எண்ணத்தோடு வாங்கியவனை அல்லாஹ் அழித்துவிடுவான் என்றும் கருத்துள்ள நபிமொழி புகாரியில் இருக்கிறது.

சேமிப்பது தவக்குலுக்கு எதிரானதா?

கடனே இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்கலாம். கெடு வந்துவிட்ட கடனைக் கொடுக்காமல் பணத்தை ஒதுக்கி வைப்பது கூடாது. வசதியிருந்தும் இழுத்தடிப்பதை நபியவர்கள் அநியாயம் என்றார்கள். ஆனால் கடன் கொடுத்தவர் தவணைக்கு ஒப்புக்கொண்டு, அந்தத் தவணையும் ஒழுங்காகப் போகிறது என்றால், சிறு தொகையை ஒதுக்குவது புத்திசாலித்தனம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, வண்டி பழுதானாலோ மீண்டும் அடகுக்கடை வாசலுக்குப் போகாமல் அது தடுக்கும்.

யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு வருடங்களின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து, பஞ்சமான ஏழு வருடங்களைச் சமாளிக்கும் வழியைச் சொன்னதைக் குர்ஆன் (12:47-48) எடுத்துரைக்கிறது. தவக்குலின் சிகரமான நம் நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஒரு வருட உணவை ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். செலவில் வீண் விரயமும் இல்லாமல் கஞ்சத்தனமும் இல்லாமல் நடுநிலையாக இருப்பதை அர்ரஹ்மானின் அடியார்களின் பண்பாகச் சூரா ஃபுர்கான் (25:67) சொல்கிறது.

தினம் 20 ரூபாய் உண்டியலில் போட்டால் மாதம் 600, வருடத்திற்கு 7,300 ரூபாய். சிறிய தொகைதான். அவசரத்திற்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் இருக்க அது போதும். சேர்ந்து சேமிப்பதும் எளிது. தள்ளிக் கேட்கும் ஏலச்சீட்டில் வட்டியின் அம்சம் வந்துவிடுகிறது. தள்ளுபடி எதுவும் இல்லாமல், எல்லோரும் சமமாகப் போட்டு, முறைவைத்து முழுத் தொகையையும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டை உலமாக்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். சேருமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றியிருப்பவர்களின் பொறுப்பு

கடன் கொடுத்தவருக்கு அல்லாஹ் சொல்வது என்ன? கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும். தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்ற கருத்தை 2:280-ல் சொல்கிறான். அப்படி அவகாசம் கொடுத்தவருக்கோ, விட்டுக்கொடுத்தவருக்கோ நாளை மறுமையில் அல்லாஹ் தன் நிழலில் இடம் தருவான் என்று நபியவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒருவர் என்று 9:60 சொல்கிறது. ரமலானில் ஐம்பது பேருக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதோடு, ஓரிரு கடனாளிகளை முழுமையாக மீட்டுவிடும் திட்டத்தையும் பைத்துல்மால்கள் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு மஸ்அலா. வராத கடனை ஜகாத்தாகக் கழித்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். அப்படி மனதால் கழித்தால் ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபி மத்ஹபின் சரியான கருத்திலும் ஜகாத் நிறைவேறாது. அவர் ஜகாத்துக்குத் தகுதியானவர் என்றால், நிபந்தனை போடாமல் ஜகாத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் விரும்பி அதையே கடனுக்காகத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

கொடுக்க ஒன்றும் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம்: கடனாளியின் செலவைக் கூட்டாமல் இருக்கலாம். மகள் கல்யாணத்தை எளிமையாக முடிக்க நினைக்கும் தகப்பனிடம், ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். இதுதான் சுன்னத், மாஷா அல்லாஹ் என்று சொல்லுங்கள். இருக்கிற சேலையே போதும் என்று சொல்லும் அண்ணியை, பெருநாளுக்குப் புதுசு எடுக்கவில்லையா என்று கேட்டு நோகடிக்காதீர்கள். சீர் குறைந்ததைப் பேசும் ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தை மீண்டும் வட்டிக்கடை வாசலுக்கு அனுப்பிவிடும். பாராட்டும் ஒரு வார்த்தை அதைத் தடுத்துவிடும்.

போரிலோ ஊரிலோ உணவு குறைந்தால் அஷ்அரிக் கூட்டத்தார் தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்களைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுக்கு நம் மஹல்லாவும் ஆசைப்பட வேண்டும்.

ஜனாஸாவின் முன் நின்ற அபூகதாதா (ரலி)

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்று சொல்லப்பட்டது. விட்டுச் சென்றது எதுவும் இல்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழவையுங்கள் என்று நபியவர்கள் விலகி நின்றார்கள். அப்போது அபூகதாதா (ரலி) எழுந்து, அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு, யாரஸூலல்லாஹ், தொழவையுங்கள் என்றார்கள். அதன் பிறகே நபியவர்கள் தொழவைத்தார்கள். புகாரியில் வரும் இந்தச் செய்தி கடனின் கடுமையையும் காட்டுகிறது, ஒரு தோழரின் பெருந்தன்மையையும் காட்டுகிறது.

அன்பானவர்களே! ஜனாஸாவில் நின்று, இவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்புச் செய்கிறோம். அது நல்ல வழக்கம். அந்தக் கேள்வியை அவர் உயிரோடு இருக்கும்போதே, தனிமையில், அன்போடு கேட்டால் அவர் வாழும்போதே விடுதலை பெறுவார். இன்று தொழுகை முடிந்து வெளியே போகும்போது, சில வாரங்களாகக் கண்ணில் படாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லுங்கள். கடனைப் பற்றி உடனே கேட்க வேண்டாம். நலம் கேளுங்கள், மற்றதை அவரே சொல்வார்.

யா அல்லாஹ்! கடனில் தவிக்கும் எங்கள் சகோதர சகோதரிகளின் கடன்களை ஹலாலான வழியில் நிறைவேற்றித் தருவாயாக! வட்டியின் கொடுமையிலிருந்து எங்கள் குடும்பங்களைப் பாதுகாப்பாயாக! கடனோடு எங்களை மவுத்தாக்கிவிடாதே! எங்கள் வருமானத்தில் பரக்கத்தையும், செலவில் நடுநிலையையும், சேமிப்பில் ஹலாலையும் தருவாயாக! சிரமப்படுபவருக்குக் கைகொடுக்கும் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!